ராத்திரிச் சோற்றை நிறுத்தாதீர்கள்: நம் மிஷன் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மிஷன் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா, செயலர் ஐயா, பொருளாளர் ஐயா, குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

நவம்பர் 23, ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் வாசிக்கும்போது, ஒரு கல்யாண ஓலைக்கும் கேரல் ரவுண்ட்ஸ் தேதிக்கும் நடுவில் ஒரு வரி வந்தது. பிள்ளைகளுக்கான மாலை உணவு ஊழியம் டிசம்பர் 31-உடன் நிறைவு பெறுகிறது, இதுவரை உழைத்தவர்களுக்கு நன்றி. அவ்வளவுதான். அடுத்த வரி நட்சத்திரப் போட்டிக்குப் பேர் கொடுப்பது பற்றியது. நான் பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷமாக அந்தச் சமையல்கட்டில் நிற்கிற எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தரிடமும் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாளும் அதற்கடுத்த வியாழனும் ஆபீசுக்கு வந்து பார்த்தேன். "தீர்மானம் ஆயாச்சு டீச்சர், இனி பேச என்ன இருக்கு?" என்றார்கள். பேச இருக்கிறது. உட்கார வைத்துக் கேட்க ஆளில்லாததால் எழுதுகிறேன். சபையார் எல்லாரும் வாசிக்கட்டும் என்றே திறந்த மடலாக எழுதுகிறேன்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தீர்மானத்தில் மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அரசே காலையும் மதியமும் சாப்பாடு போடுகிறது. செலவு கட்டுப்படியாகவில்லை. சாப்பிட வருகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பான ஓய்வுநாள் பள்ளிக்கு வருவதில்லை.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்கிறேன். அரசு போடும் சாப்பாட்டைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1984-ல் அமைப்பாளராகச் சேர்ந்து, 2016 வரை அதிலேயே காலம் தள்ளினவள் நான். பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தபோதும், அது வளர்ந்து பள்ளி நாளெல்லாம் முட்டை என்று ஆனபோதும், ஸ்டோர் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காலை உணவுத் திட்டமும் பெரிய காரியம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் போய், 2024-ல் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும், இந்த ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இப்படி ஒரு திட்டம் என் சர்வீஸ் காலத்தில் இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிரேயரில் மயங்கி விழாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஐயா, அந்தக் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நம் சமையல்கட்டுக்கு வரும் ஒரு பிள்ளை இந்த ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனாள். தம்பி மூன்றாம் வகுப்பு. இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வளாகம். போன வருஷம் வரை அக்காவும் தம்பியும் ஒன்றாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிட்டார்கள். இப்போது தம்பியை வரிசையில் உட்கார வைத்துவிட்டு அவள் குழாயடியில் நிற்கிறாள். கோடை விடுமுறைக்குள் அவள் வயிறு சுருங்கிப் போய்விடவில்லையே. "காலையில என்ன சாப்பிட்ட?" என்று ஒரு நாள் கேட்டேன். "மத்தியானம் சாப்பிடுவேன் ஆச்சி" என்றாள். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் இதைவிடத் தெளிவான பதிலும் இல்லை.

அப்புறம் பள்ளி இல்லாத நாட்கள். பள்ளி வேலைநாள் என்னதான் இழுத்தாலும் வருஷத்துக்கு 220-ஐத் தாண்டாது. மீதி 145 நாள் காலையும் கிடையாது, மதியமும் கிடையாது. ராத்திரிச் சோறு 365 நாளும் கிடையாது. அரசு பார்த்துக்கொள்கிறது என்று எழுதும்போது, எத்தனை மணிக்கு, எத்தனை நாளைக்கு என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? 32 வருஷம் எண்ணிக்கொண்டே இருந்தவள் நான். அந்த எண்ணிக்கையின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆனவுடன் நம் மிஷன் சமையல்கட்டுக்கு வந்ததே அதனால்தான்.

இந்த இடத்தில் உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கும் பலர் பஜார்ப் பக்கத்திலும் புதுக் காலனியிலும் இருக்கிறீர்கள். நம் சமையல்கட்டுக்கு வரும் அறுபது சொச்சம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் உப்பளத்துப் பிள்ளைகள்.

தை, மாசியில் பாத்தி கட்டி வேலை தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் உப்பு நன்றாக விளையும். வெயில் ஏறினால் அளத்தில் நிற்க முடியாது என்பதால் ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கே எழுந்து டார்ச் லைட்டோடு போய்விடுவார்கள். தகப்பனும் போவான், தாயும் போவாள். பிள்ளை எழுந்திருக்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. தாய் பகல் பதினொன்றுக்கு வந்து, காலில் உப்பு வெட்டின இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒரு தடவை பொங்குவாள். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் அதுதான். சில பெண்கள் சாயங்காலம் பாக்கெட் போடும் கம்பெனிக்கு வேறு போகிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம்தானே என்று ஒரு உறுப்பினர் கேட்டாராம். அரிசி இலவசம்தான். அதைப் பொங்க ஓர் ஆள் விழித்திருக்க வேண்டாமா? இரண்டரைக்கு எழ வேண்டியவள் ஏழு மணிக்கே சுருண்டுவிடுகிறாள்.

ஏப்ரல் கடைசி தொடங்கி ஜூன் ஆரம்பம் வரை பள்ளிக்கூடம் லீவு. அளத்தில் வேலை உச்சத்தில் இருக்கிற அதே காலம். அதாவது வீட்டில் காசு நடமாடும் அந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சோறு போட வீட்டில் ஆளும் இல்லை, பள்ளியும் இல்லை.

ஐப்பசி பிறந்தால் கதை தலைகீழ். மழை இறங்கினதும் பாத்தியெல்லாம் குளமாகிவிடும். அக்டோபரிலிருந்து தை வரை வேலை கிடையாது. தாய் தகப்பன் இருவரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், காசுதான் இல்லை. மழைக்கால நிவாரணம் என்று அரசு 5,000 ரூபாய் தருகிறது. நலவாரிய அட்டை இருந்தால் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஐயாயிரம். முன்பணம் வாங்கின கடனுக்கே அது போய்விடும். பள்ளி திறந்திருப்பதால் மதியம் ஒரு வேளை நிச்சயம். ராத்திரிக்கு வரக்காப்பியும் பொரையும். பத்து வயதுப் பையன் ஒருத்தன் என்னிடம் சொன்னான், மழை நாளில் சீக்கிரமாகப் படுத்துக்கொண்டால் பசிக்காதாம், அவன் அம்மா சொல்லிக் கொடுத்தாளாம்.

ஆக, கோடையில் ஒரு விதமாகவும் மழையில் வேறு விதமாகவும் பசி வருகிறது. நம் அடுப்பு இரண்டுக்கும் சேர்த்துத்தான் எரிந்தது. சாயங்காலம் ஆறரைக்குத் திங்கள் முதல் சனி வரை சோறு. கோடை லீவில் மதியமும் சேர்த்து. நீங்கள் அடுப்பை அணைக்கச் சொல்லியிருப்பது டிசம்பர் 31-ல், வேலையில்லாக் காலத்தின் நட்ட நடுவில். அளம் திறக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும். இது தெரிந்து எடுத்த தீர்மானமா, தெரியாமல் எடுத்ததா? தெரியாமல் எடுத்ததாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். தெரியாமல் எடுத்த முடிவை மாற்றிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போன மே மாதம் நடந்ததையும் சொல்கிறேன். கமிட்டி ஊட்டி ரிட்ரீட்டுக்குப் போயிருந்த வாரம் சிலிண்டர் தீர்ந்துபோய், வவுச்சரில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் தெருவுக்குள் போனேன். ஒரு வீட்டு வாசலில் எட்டு வயதுப் பிள்ளை, இடுப்பில் ஒன்றரை வயதுத் தங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடியில் விட அது இன்னும் இரண்டு வயது முடியாத குழந்தை. முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுப் பிசைந்து, பெரியவள் சின்னவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அளத்துக்காரர் வீட்டில் உப்புக்கு மட்டும் என்றைக்கும் குறைவில்லை. சோறு லேசாகப் புளித்த வாடை அடித்தது. நான் அதை வாங்கிக் கொட்டப் போனேன். அந்தப் பிள்ளை கிண்ணத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சத்துணவும் அங்கன்வாடியும் நன்றாக நடக்கிற மாநிலத்திலேயே இந்தக் கணக்கு. அந்த நாலில் ஒன்று எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம், என்னோடு ஒரு சாயங்காலம் நடந்து வாருங்கள், காட்டுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 17-ம் தேதி ஞாயிறு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டின மழை. நம் சமையல்கட்டில் இடுப்பளவு தண்ணீர், அரிசி மூட்டை நாலு நனைந்து போயிற்று. பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. அப்போது வாலிபர் சங்கத்துப் பையன்கள் மேல்மாடியில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினார்கள். நனைந்த அரிசியைக் கழுவிக் கழுவிப் பொங்கினோம். ஆறு நாள், மூன்று வேளை. தெரு முழுக்க வந்து சாப்பிட்டது. அந்த அண்டாக்களும், அவசரத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்கிற பழக்கமும் ஒரு நாளில் வந்ததில்லை. தினமும் அறுபது பேருக்கு ஆக்கிப் போட்ட கை என்பதால்தான் அன்றைக்கு நானூறு பேருக்கு ஓடியது. தலைவர் ஐயா அந்த வருஷ அறிக்கையில் அதை இரண்டு பக்கத்துக்குப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். எழுதினது சரிதான். அந்த அடுப்பைத்தான் இப்போது நிறைவு பெறுகிறது என்கிறீர்கள்.

சரி, செலவுக்கு வருவோம். பொருளாளர் ஐயாவிடம் கணக்கு இருக்கும், என்னிடமும் இருக்கிறது. சத்துணவில் இருந்தவளுக்கு நோட்டு எழுதாவிட்டால் தூக்கம் வராது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, வாரம் இரண்டு முட்டை, கேஸ், சமையல் செய்யும் அம்மாவின் சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு தட்டுக்கு 23 ரூபாய் ஆகிறது. மாதம் 36,000 ரூபாய். கோடையில் கொஞ்சம் கூடும். வருஷத்துக்கு நாலரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எட்டுப் பேரும் பஸ் காசுகூட வாங்கியதில்லை. முட்டை கடையில் ஆறு ரூபாயைத் தாண்டினபோது வெங்காயத்தைக் குறைத்தோமே தவிர முட்டையைக் குறைக்கவில்லை.

இதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் நிறைவேறியிருக்கிறது. ஜூபிலி நினைவு வளைவு, 18 லட்சம். கிரானைட் போட்டு, மேலே சிலுவை வைத்து, இரண்டு தூணிலும் நன்கொடையாளர் பெயர் வெட்டப்போகிறீர்கள். வளைவு கூடாது என்று நான் சொல்லவில்லை, ஊருக்கு வளைவும் இருக்கட்டும். ஆனால் 18 லட்சம் என்பது நாலு வருஷத்து ராத்திரிச் சோறு. பணம் இல்லை என்று ஒரு தீர்மானத்திலும், பணம் இருக்கிறது என்று அதற்கு அடுத்த தீர்மானத்திலும் எப்படிக் கையெழுத்துப் போட முடிந்தது?

உண்மையிலேயே பணம் போதவில்லை என்றால் சபையைக் கேளுங்கள். நம் சனம் கேட்டால் இல்லை என்று சொன்னதில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினபோது வெள்ளைக்காரர் பணத்தை எதிர்பார்க்காமல் நம் பக்கத்துச் சபை மக்கள் போட்ட காணிக்கையில்தான் நடத்தினார்கள். உலையில் போடும்போது ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவைத்த பிடியரிசிக் காலம் அது. என் அம்மா சாகும்வரை அந்தப் பானையை வைத்திருந்தாள். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு நம் சபையார் எத்தனை மூட்டை அரிசி தருகிறார்கள் என்று பொருளாளர் ஐயாவுக்குத் தெரியாதா? ஒரு நாள் அசனத்துக்குத் தருகிறவர்கள், ராத்திரிச் சோற்றுக்குப் பற்றாக்குறை என்று சொல்லியிருந்தால் சும்மா இருந்திருப்பார்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நீங்கள் அதைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று சொன்னதில்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை இந்த மடல் எழுத வைத்தது. மற்ற இரண்டையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடலாம்.

சாப்பிட வருகிற பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிக்கு வருவதில்லை என்பது நிஜம். முக்கால்வாசிப் பேர் வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள், இல்லை. அம்மன் கோயில் கொடைக்கு முடி இறக்கிவிட்டு மொட்டைத் தலையோடு வந்து நம் தட்டில் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நோன்பு திறந்துவிட்டு வருகிற இரண்டு பிள்ளைகள் உண்டு. ஜனவரியிலிருந்து தொடர்ந்தாலும் வருகைச் சீட்டு உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் போடலாம் என்று கூட்டத்தில் ஒரு யோசனை வந்ததாகவும், அதற்கு மூன்று பேர் கை தூக்கியதாகவும் கேள்விப்பட்டேன். சோற்றுக்குச் சீட்டு!

தாது வருஷப் பஞ்சம் என்று 1876-லிருந்து 78 வரை ஒரு பஞ்சம் வந்தது. நம் பக்கத்து மிஷனரிகள் கஞ்சி ஊற்றினார்கள். அந்த வருஷங்களில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கில் வேதத்தில் சேர்ந்தார்கள். என் பாட்டியின் குடும்பமும் அப்போது சேர்ந்ததுதான். ‘கஞ்சிக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்ற ஏச்சை மூன்று தலைமுறை சுமந்தது எங்கள் வீடு. என் பாட்டி கிணற்றடியில் அந்தச் சொல்லுக்குச் சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். கஞ்சிக்காகச் சேரவில்லை, கஞ்சி ஊற்றினவர்கள் எங்களைத் தொட்டுப் பரிமாறினார்கள், அதற்காகத்தான் சேர்ந்தோம் என்பாள். அது முழுக்க உண்மையோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஏச்சுக்கு அவள் வைத்திருந்த பதில் அது ஒன்றுதான். இன்றைக்கு நீங்கள் சீட்டுக் கொடுத்துச் சோறு போட்டால், 150 வருஷம் கழித்து அந்த ஏச்சை நாமே நிஜமாக்கிவிடுவோம். என் பாட்டிக்கு அந்தப் பதிலும் இல்லாமல் போய்விடும்.

நானும் சின்ன வயதில் இப்படி வாங்கிச் சாப்பிட்டவள்தான். அறுபதுகளில் மிஷன் தொடக்கப்பள்ளித் தாழ்வாரத்தில் அமெரிக்கக் கேர் நிறுவனத்துக் கோதுமை ரவையில் உப்புமாக் கிண்டிப் போடுவார்கள். அலுமினியத் தட்டு, மடியில் வைத்தால் சுடும். எங்கள் வரிசையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் உண்டு, எல்லாச் சாமிப் பிள்ளையும் உண்டு. தலைமை ஆசிரியர் ஐயா கையில் கரண்டியோடு நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இன்னும் வேணுமா?"

நான் மட்டும் உத்தமி என்று சொல்லவில்லை. 2017-ல் ஒரு பையன் தினமும் ஜெபம் முடிந்த பிறகே வந்து வரிசையில் நிற்பான். வேண்டுமென்றே செய்கிறான் என்று எனக்கு ஆத்திரம். ஒரு நாள், "ஜெபத்துக்கு வராதவனுக்குச் சோறு கிடையாது, போ" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான். சாப்பிடாத தட்டை எதற்குக் கழுவினான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஒரு மாதம் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஐந்து மணியிலிருந்து ஆறே முக்கால் வரை அவன் புரோட்டாக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். நான் வீடு தேடிப் போய் அழைத்து வந்தேன். அன்றிலிருந்து எங்கள் சமையல்கட்டில் ஜெபம் என்பது, நாங்கள் அரிசி களையும்போது எங்களுக்குள் பண்ணிக்கொள்வதுதான். பிள்ளை வந்தால் சோறு. இதை யாரிடமும் கேட்டு நான் முடிவு செய்யவில்லை. தவறென்றால் என்னைக் கேளுங்கள், பிள்ளைகளிடம் காட்டாதீர்கள்.

வேதத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் ஐந்து அப்பம் இரண்டு மீன் கதையில் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது அற்புதம் அல்ல. அதற்கு முன்னால் சீஷர்கள் கேட்டதுதான். பொழுது போயிற்று, இவர்களை அனுப்பிவிடும், ஊருக்குள் போய் எதையாவது வாங்கிக்கொள்வார்கள் என்றார்கள். நியாயமான யோசனை, எந்தக் கமிட்டியும் ஏகமனதாக நிறைவேற்றியிருக்கும். நீங்களே கொடுங்கள் என்றுதான் இயேசு சொன்னார். வந்தவர்களில் யார் தொடர்ந்து வருகிறவர், யார் அன்றைக்கு மட்டும் வந்தவர் என்று கேட்டதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை. செத்துப்போன யவீருவின் மகளை உயிரோடு எழுப்பினபோதும் அடுத்து அவர் சொன்னது, அந்தப் பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அது. ஆறாம், ஏழாம் வகுப்பு வயது.

தினச் சோற்றுக்குப் பதிலாக மாதம் ஒரு முறை ‘அன்பின் விருந்து’ என்று தீர்மானத்தில் போட்டிருக்கிறீர்கள். நன்கொடையாளர் வருவார்கள், பிரியாணி, பேனர், போட்டோ. அந்தப் போட்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருஷம் வெளிநாட்டு நண்பர்கள் வந்தபோது தட்டில் சோறு போட்ட பிறகு கால் மணி நேரம் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். "முகம் தெரியணும்மா" என்று ஒருவர் விலக்கிவிட்டார். அந்தப் படம் வாட்ஸப்பில் சுற்றி அவள் வகுப்புக்கே போயிற்று. ‘மிஷன் சோறு’ என்று பேர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. தம்பியை மட்டும் அனுப்புகிறாள், தூக்குவாளியோடு. அவன் வாளியில் நாங்கள் இரண்டு பேருக்கு ஊற்றுகிறோம், கேட்காமலே.

எங்கள் பக்கமும் குறை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் சாம்பார் கெட்டுப்போய் அத்தனையையும் கொட்டிவிட்டுப் பன் வாங்கிக் கொடுத்தோம். ஸ்டாக் ரிஜிஸ்டர் மூன்று மாதம் ஒழுங்காக எழுதப்படவில்லை, எனக்குக் கண் ஆபரேஷன் ஆன சமயம். எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு அறுபது தாண்டிவிட்டது, அண்டா இறக்க ஆள் வேண்டும். இதையெல்லாம் சொல்லி எங்களைக் கண்டித்திருந்தால் தலை குனிந்து கேட்டிருப்போம். கண்டிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை, ஓலைக்கும் கேரலுக்கும் நடுவில் முடித்துவிட்டீர்கள்.

உங்களில் இரண்டு பேர் வாலிபர் சங்கத்தில் இருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள். வெள்ளத்தின்போது மூட்டை தூக்கினவர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

டிசம்பர் 31-உடன் நிறுத்துவது என்ற தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அது முடியாதென்றால் குறைந்தது ஜூன் இரண்டாம் வாரம் வரை, அதாவது இந்த மழைக்காலமும் வரும் கோடை லீவும் தாண்டும் வரை தள்ளிவையுங்கள். அதற்குள் தெருவில் வீடு வீடாகப் போய் எந்தப் பிள்ளைக்கு எந்த வேளை இல்லை என்று எழுதித் தருகிறோம். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வருகைச் சீட்டு யோசனையைக் கூட்டக் குறிப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். எந்த மதம், எந்தத் தெரு, எந்தப் பள்ளி என்று கேட்காமல் போடுவோம் என்று எழுத்தில் ஒரு வரி வேண்டும்.

சாப்பிடும் பிள்ளையின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. நன்கொடையாளருக்குக் காட்ட ரசீது இருக்கிறது, என் நோட்டு இருக்கிறது, காலி அண்டா இருக்கிறது. அதைப் படம் எடுத்துக்கொள்ளட்டும்.

மாலை உணவின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராதனை முடிந்து வாசியுங்கள். பற்றாக்குறை என்றால் எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். பிடியரிசிப் பானையை மறுபடியும் வீட்டுக்கு வீடு வைக்கும் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். முதல் பானை என் அம்மாவுடையது.

குழுவில் முடிவெடுக்கும்போது சமையல்கட்டிலிருந்து ஒருவரும், சாப்பிடும் பிள்ளைகளின் தாய்மார்களில் ஒருவரும் உட்கார வேண்டும். அளத்து வேலை பதினொன்றுக்கு முடியும், கூட்டத்தை மத்தியானம் வையுங்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். ஜனவரி மாத அரிசிக்கு மண்டியில் 20-ம் தேதிக்குள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏறிவிடும். பிள்ளைகளிடம் நாங்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று ஒருத்தன் கை கழுவிக்கொண்டே, "கிறிஸ்துமஸ் அன்னைக்கு உண்டுமா ஆச்சி?" என்று கேட்டான். உண்டு என்றேன். புது வருஷத்துக்கு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை நீங்கள் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாலை உணவுச் சமையல்கட்டில் நிற்கும் எட்டுப் பேர் சார்பில்,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருத்தி
தூத்துக்குடி, நவம்பர் 29, 2025